மாஸ் ஸ்பெக்ட்ரமும் ஐசோடோப் விகிதமும்: வேதியியல் தேர்வுக்கு ஒரு முழு வழிகாட்டி

குளோரினின் அணு நிறை 35.5 என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் அந்த நிறையில் ஒரு குளோரின் அணுகூடக் கிடையாது. இயற்கையில் நிலையாக இருப்பவை இரண்டே வகை: குளோரின்-35, குளோரின்-37. ஒரே தனிமத்தின், நிறை மட்டும் வேறான இப்படிப்பட்ட வகைகளை ஐசோடோப் என்கிறோம். ஏறக்குறைய நாலில் மூன்று அணுக்கள் முதல் வகை, மீதி ஒன்று இரண்டாவது வகை. 35.5 என்பது இந்தக் கலவையின் சராசரி.

அந்தக் கலவையை நிறைவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணித் தரும் கருவிதான் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். அது தரும் படமான மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் கோடுகள் நிற்கும். ஒவ்வொரு கோட்டையும் பீக் என்கிறோம். பீக் நிற்கும் இடம் அயனியின் (மின்சுமை பெற்ற அணு அல்லது மூலக்கூறு) நிறையைச் சொல்கிறது, பீக்கின் உயரம் அயனிகளின் எண்ணிக்கையைச் சொல்கிறது. இந்தப் பாடத்தில் வரும் கணக்கு எல்லாமே இந்த இரண்டிலிருந்து பிறப்பவை. சூத்திரங்களைத் தனித்தனியாக நெட்டுருப் போடுவதைவிட, "இங்கே எதை எண்ணுகிறார்கள்?" என்று ஒவ்வொரு கேள்வியிலும் கேட்டுப் பழகுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

கருவிக்குள் என்ன நடக்கிறது

கருவிக்குள் காற்றை வெளியேற்றி வெற்றிடம் உண்டாக்கியிருப்பார்கள். காற்று இருந்தால் அயனிகள் அதன் மூலக்கூறுகளில் மோதி வழிமாறிப்போகும். ஒரு மதிப்பெண் கேள்வியாக இது அடிக்கடி வரும்.

அடுத்து அயனியாக்கம். மின்சுமை இல்லாத அணுவை மின்புலத்தால் இழுக்கவும் முடியாது, காந்தத்தால் வளைக்கவும் முடியாது. அதனால் முதலில் அதை அயனியாக்க வேண்டும். இதற்குத் தேர்வுகளில் வரும் வழிகள் இரண்டு. ஒன்று, வேகமான எலக்ட்ரான்களால் மோதி, அணுவிலிருந்தோ மூலக்கூறிலிருந்தோ ஒரு எலக்ட்ரானைத் தட்டிவிடுவது. வழக்கமாக இதற்கு 70 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொடுக்கிறார்கள். ஒரு எலக்ட்ரானை எடுக்கத் தேவைப்படுவதைவிட இது மிக அதிகம், மிச்ச ஆற்றலில் மூலக்கூறு உடைந்து துண்டாகும். இன்னொன்று எலக்ட்ரோஸ்பிரே: பொருளைக் கரைப்பானில் கரைத்து, உயர் மின்னழுத்தம் கொடுத்த நுண்ணிய ஊசி வழியாகத் தெளிப்பார்கள். மூலக்கூறு உடையாமல் ஒரு புரோட்டானை ஏற்றுக்கொண்டு அயனியாகிறது. புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளுக்கு இந்த வழியைப் பயன்படுத்திக் காட்டியதற்காக ஜான் ஃபென் 2002-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

எலக்ட்ரோஸ்பிரேயில் ஒரு பொறி இருக்கிறது. புரோட்டான் சேர்ந்ததால் பீக் உண்மையான மூலக்கூறு நிறையைவிட 1 கூடுதலான இடத்தில் நிற்கும். பீக் 181-இல் என்றால் மூலக்கூறு நிறை 180. கேள்வியில் எந்த அயனியாக்கம் என்று படிக்காமல் 181 என்று எழுதுபவர்கள் ஏராளம்.

அயனிகள் தயாரானதும் மின்புலத்தில் முடுக்குவார்கள். ஒரே மின்சுமை உள்ள எல்லா அயனிகளுக்கும் ஒரே இயக்க ஆற்றல் கிடைக்கிறது. ஆற்றல் ஒன்றுதான், நிறை வேறு, ஆகவே வேகம் வேறு: லேசான அயனி வேகமாகப் போகும். பழைய வகைக் கருவியில் காந்தப்புலம் இந்த அயனிகளை வளைக்கும், லேசானது அதிகமாக வளையும். டைம் ஆஃப் ஃப்ளைட் கருவியில் காந்தம் இல்லை. நீளம் தெரிந்த குழாயில் ஓடவிட்டு, வந்துசேரும் நேரத்தை அளக்கிறார்கள். பிரிட்டனின் ஏக்யூஏ என்ற தேர்வு வாரியத்தின் ஏ-லெவல் (பள்ளி இறுதி) தேர்வு எழுதுபவர்கள் இரண்டாவதைத்தான் கரைத்துக் குடிக்க வேண்டும்.

கடைசியில் அயனி உணரியில் மோதி, அங்கிருந்து எலக்ட்ரானைப் பெறுகிறது. அதனால் ஒரு சிறு மின்னோட்டம் உண்டாகும். எத்தனை அயனி வந்ததோ அந்த அளவுக்கு மின்னோட்டம். பீக் உயரத்தை எண்ணிக்கை என்று நாம் எடுத்துக்கொள்ள இதுதான் காரணம். விடையில் இந்த வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள்.

ஓடும் நேரக் கணக்கு

இயக்க ஆற்றல் = ½ × நிறை × வேகம்². இதை மாற்றி எழுதினால் வேகம் = √(2 × ஆற்றல் ÷ நிறை). குழாயின் நீளத்தை வேகத்தால் வகுத்தால் நேரம். இதற்கு மேல் சூத்திரம் தேவையில்லை.

கிரிப்டான்-84 அயனியை எடுத்துக்கொள்வோம். மின்சுமை +1, ஆற்றல் 4.806 × 10⁻¹⁶ ஜூல், குழாய் 1.50 மீட்டர். ஒரு மோல் 84 கிராம், அதாவது 0.084 கிலோகிராம். அதை ஒரு மோலில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையான 6.022 × 10²³ ஆல் வகுத்தால் ஒரு அயனியின் நிறை 1.395 × 10⁻²⁵ கிலோகிராம். வேகம் √(9.612 × 10⁻¹⁶ ÷ 1.395 × 10⁻²⁵), அதாவது வினாடிக்கு 8.30 × 10⁴ மீட்டர். நேரம் 1.50 ÷ 83,000 = 1.81 × 10⁻⁵ வினாடி.

கிராமைக் கிலோகிராமாக மாற்ற மறந்தால் வேகம் சுமார் 32 மடங்கு குறைந்துவிடும், ஏனென்றால் √1000 என்பது 31.6. வேகம் வினாடிக்குப் பத்தாயிரக்கணக்கான மீட்டர் என்ற அளவில் வருகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

சில கேள்விகளில் ஒரு ஐசோடோப்பின் நேரத்தைக் கொடுத்து இன்னொன்றின் நேரத்தைக் கேட்பார்கள். அங்கே ஆற்றலையும் நீளத்தையும் தேடிக்கொண்டு உட்கார வேண்டாம். நேரம் நிறையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். மெக்னீசியம்-24 எடுத்த நேரம் 1.000 × 10⁻⁵ வினாடி என்றால், மெக்னீசியம்-26 எடுப்பது அதை √(26 ÷ 24) ஆல் பெருக்கியது: 1.041 × 10⁻⁵ வினாடி. இரண்டு வரியில் முடிந்துவிடும்.

அச்சில் நிறை மட்டும் இல்லை

படத்தின் கிடை அச்சில் இருப்பது நிறையை மின்சுமையால் வகுத்த எண். பெரும்பாலான அயனிகளுக்கு மின்சுமை +1 என்பதால் அதை நிறையாகவே படிக்கிறோம். ஆனால் இரண்டு எலக்ட்ரான் இழந்த அயனி பாதி இடத்தில் வந்து நிற்கும். மெக்னீசியம்-24 அயனியின் மின்சுமை +2 என்றால் அது 12-இல் தெரியும்.

ஐசோடோப் வரலாற்றிலேயே இந்தச் சந்தேகம் எழுந்திருக்கிறது. கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன் நியான் வாயுவை ஆராய்ந்தபோது 20-இல் ஒரு கோடும் 22-இல் மங்கலாக இன்னொன்றும் கிடைத்தன. 22 எங்கிருந்து வந்தது? கார்பன் டைஆக்சைடின் நிறை 44, அது +2 ஆனால் 22. அந்த வாயு கலந்திருக்குமோ என்று பார்க்க, திரவக் காற்றால் குளிர்வித்து கார்பன் டைஆக்சைடை நீக்கினார். 22 போகவில்லை. அவரிடம் பணியாற்றிய பிரான்சிஸ் ஆஸ்டன் 1919-இல் இன்னும் துல்லியமான கருவியைக் கட்டி, நியானுக்கு 20, 22 என இரண்டு ஐசோடோப் இருப்பதை உறுதிசெய்தார். இந்த வரிசை ஆய்வுகளுக்காக 1922-இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. நியான்-21 மிகக் குறைவு, 0.27 சதவீதம்தான்.

சராசரி அணு நிறை

செய்ய வேண்டியது: ஒவ்வொரு நிறையையும் அதன் உயரத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, உயரங்களின் கூட்டுத்தொகையால் வகுப்பது. கடைசிச் சொற்களைக் கவனியுங்கள். உயரங்களின் கூட்டுத்தொகையால், எப்போதும் 100 ஆல் அல்ல.

மெக்னீசியத்தின் மூன்று ஐசோடோப்கள் 24, 25, 26. விகிதம் 79, 10, 11 சதவீதம். பெருக்கினால் 1896, 250, 286. கூட்டினால் 2432. இங்கே சதவீதம் என்பதால் 100 ஆல் வகுத்து 24.32.

இதே தனிமத்தை வேறு மாதிரி கொடுப்பார்கள். மிக உயரமான பீக்கை 100 என்று வைத்து மற்றதை அதற்கு ஒப்பிட்டுச் சொல்வார்கள்: 24-க்கு 100, 25-க்கு 12.7, 26-க்கு 13.9. இப்போது பெருக்கிக் கூட்டினால் 2400 + 317.5 + 361.4 = 3078.9. பழக்க தோஷத்தில் 100 ஆல் வகுத்தால் 30.79 வரும். கனமான ஐசோடோப்பே 26 ஆக இருக்கும்போது சராசரி எப்படி 30 ஆகும்? உயரங்களின் கூட்டுத்தொகை 126.6, அதனால் வகுத்தால் சரியாக 24.32.

இந்தச் சோதனையை எந்த விடைக்கும் செய்யலாம். சராசரி, லேசான ஐசோடோப்புக்கும் கனமானதற்கும் நடுவில்தான் இருக்க வேண்டும், அதுவும் பெரும்பான்மை ஐசோடோப்பின் பக்கம் சாய்ந்து. மெக்னீசியத்தில் 79 சதவீதம் 24 என்பதால் விடை 24-ஐ ஒட்டியே வரும். சில நொடி வேலை, எத்தனையோ மதிப்பெண்ணைக் காப்பாற்றும்.

சராசரி எப்போதும் நாம் எதிர்பார்க்கும் பக்கம் சாயும் என்பதில்லை. ஆவர்த்தன அட்டவணையில் ஆர்கானின் அணு எண் 18, பொட்டாசியத்தின் அணு எண் 19. ஆனால் ஆர்கானின் அணு நிறை 39.95, பொட்டாசியத்தின் அணு நிறை 39.10. முன்னால் இருப்பது கனமாக இருப்பதன் காரணம் ஐசோடோப் விகிதத்தில் இருக்கிறது. பூமியில் உள்ள ஆர்கானில் 99.6 சதவீதம் ஆர்கான்-40. அதில் பெரும்பகுதி பாறைகளில் உள்ள கதிரியக்கப் பொட்டாசியம்-40 சிதைந்து, பூமியின் நீண்ட வயதில் சேர்ந்தது. பொட்டாசியமோ 93 சதவீதம் பொட்டாசியம்-39. அணு எண்ணை வைத்து வரிசைப்படுத்த வேண்டும், நிறையை வைத்து அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

பின்னாலிருந்து முன்னால்: சதவீதம் கண்டுபிடிப்பது

சராசரியைக் கொடுத்து விகிதத்தைக் கேட்பார்கள். தாமிரம்: 62.93, 64.93 என இரண்டு ஐசோடோப், சராசரி 63.55. லேசானதன் பங்கு அ என்று வைத்துக்கொண்டால் கனமானதன் பங்கு 1 − அ. பிறகு 62.93 × அ + 64.93 × (1 − அ) = 63.55. இதைத் தீர்த்தால் அ = 1.38 ÷ 2.00 = 0.69. தாமிரம்-63 69 சதவீதம், தாமிரம்-65 31 சதவீதம்.

இதையே குறுக்கு வழியில் எழுதலாம்: லேசானதன் பங்கு = (கனமானது − சராசரி) ÷ (கனமானது − லேசானது). சரிபார்க்க இது நல்லது. விடைத்தாளில் சமன்பாட்டையே எழுதுங்கள், இடையில் தவறினாலும் வழிமுறைக்கான மதிப்பெண் கிடைக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. துல்லியமான நிறைகளுக்குப் பதில் 63, 65 என்று முழு எண்களைப் போட்டால் என்ன ஆகும்? (65 − 63.55) ÷ 2 = 0.725. 69 சதவீதம் 72.5 ஆகிவிட்டது! நிறையில் வெறும் 0.07 வித்தியாசம், விடையில் மூன்றரை சதவீதம். இரண்டு நிறைகளுக்கும் நடுவே இடைவெளி சிறியது என்பதால் சின்னப் பிழையும் பெரிதாகிறது. போரானிலும் இதே கதை: 10, 11 என்று போட்டு சராசரி 10.81-க்குக் கணக்கிட்டால் போரான்-10 19 சதவீதம் வரும். 10.0129, 11.0093 என்று போட்டால் 20. கேள்வியில் தசம நிறை கொடுத்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள். முழு எண்தான் கொடுத்திருக்கிறார்கள் என்றால் அதில் வரும் விடைதான் எதிர்பார்க்கும் விடை, புத்தகத்தில் உள்ள மதிப்போடு பொருந்தவில்லை என்று அடித்துத் திருத்தாதீர்கள்.

மூன்று ஐசோடோப் இருந்தால் ஒன்றின் சதவீதத்தைக் கொடுத்தே தீருவார்கள், இல்லாவிட்டால் தீர்க்க முடியாது. மெக்னீசியம்-24 79 சதவீதம், சராசரி 24.32 என்றால், மீதி 21 சதவீதத்தை மற்ற இரண்டும் பகிர்கின்றன. 25-இன் சதவீதம் அ, 26-இன் சதவீதம் 21 − அ. 1896 + 25அ + 26(21 − அ) = 2432. அ = 10.

மூலக்கூறு ஆனதும் நிகழ்தகவு வருகிறது

குளோரின் வாயுவின் படத்தில் மூலக்கூறு பகுதியில் எத்தனை பீக்? இரண்டு ஐசோடோப் இருப்பதால் இரண்டு என்று சொல்லத் தோன்றும். ஆனால் மூன்று: 70, 72, 74. ஒரு மூலக்கூறில் இரண்டு அணு, ஒவ்வொன்றும் 35 ஆக இருக்க வாய்ப்பு ¾, 37 ஆக இருக்க ¼. இரண்டும் 35 என்றால் ¾ × ¾ = 9/16. இரண்டும் 37 என்றால் 1/16. ஒன்று 35, மற்றது 37 என்பதற்கு 3/16, ஆனால் அது இரண்டு விதமாக நடக்கலாம்: முதலாவது 35 ஆக இருக்கலாம், இரண்டாவது 35 ஆக இருக்கலாம். எனவே 6/16. விகிதம் 9 : 6 : 1. அந்த "இரண்டு விதம்" என்பதை மறந்தால் 9 : 3 : 1 என்று எழுதிவிடுவோம். கூட்டிப் பார்த்தால் 13 தான் வரும், 16 வராது, தவறு உடனே தெரிந்துவிடும்.

கூடவே 35-இலும் 37-இலும் 3 : 1 என்ற விகிதத்தில் இரண்டு பீக் வரும், மூலக்கூறு உடைந்து வந்த ஒற்றை அணு அயனிகள் அவை.

புரோமினில் 79-உம் 81-உம் ஏறக்குறைய சமம், 50.7-க்கு 49.3. அதனால் புரோமின் வாயு 158, 160, 162-இல் 1 : 2 : 1. இரண்டும் கலந்த புரோமின் மோனோகுளோரைடை நீங்களே போட்டுப் பாருங்கள். 114-க்கு ½ × ¾ = 3/8. 116-க்கு இரண்டு வழி: 79-உடன் 37 (1/8), 81-உடன் 35 (3/8), சேர்த்து 4/8. 118-க்கு 1/8. ஆக 3 : 4 : 1.

கரிமச் சேர்மத்தில் ஒரு குளோரின் இருந்தால் மூலக்கூறு பீக்கும் (உடையாத முழு மூலக்கூறின் பீக்) அதற்கு 2 தள்ளி இன்னொன்றும் 3 : 1 ஆக நிற்கும். குளோரோபென்சீனுக்கு 112, 114. ஒரு புரோமின் என்றால் இரண்டும் ஒரே உயரம். இதைப் படத்தில் பார்த்ததும் கண் அடையாளம் காண வேண்டும்.

எம்+1 பீக்: கார்பனை எண்ணுவது

கார்பனில் 1.1 சதவீதம் கார்பன்-13. மூலக்கூறில் கார்பன் கூடக்கூட, ஏதாவது ஒன்று 13 ஆக இருக்கும் வாய்ப்பும் கூடுகிறது. எனவே மூலக்கூறு பீக்கை அடுத்து 1 தள்ளி ஒரு சின்ன பீக் வரும். அதை எம்+1 என்பார்கள். எம்+1 உயரத்தை மூலக்கூறு பீக் உயரத்தால் வகுத்து 100 ஆல் பெருக்கி, 1.1 ஆல் வகுத்தால் கார்பன் எண்ணிக்கை. மூலக்கூறு பீக் 43.0, எம்+1 3.8 என்றால் 8.8 சதவீதம், ஆக 8 கார்பன்.

சின்ன மூலக்கூறில் இது கண்ணுக்குத் தெரியாத அளவு. 60 கார்பன் உள்ள ஃபுல்லரீனை எடுத்தால் 720-இல் மூலக்கூறு பீக், 721-இல் அதன் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவான பீக். 1985-இல் குரோட்டோ, கர்ல், ஸ்மாலி மூவரும் ரைஸ் பல்கலைக்கழகத்தில் அந்த மூலக்கூறைக் கண்டதே மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் 720-இல் ஓங்கி நின்ற பீக்கால்தான்.

இந்த எம்+1-ஐ எலக்ட்ரோஸ்பிரேயில் புரோட்டான் சேர்ந்து வரும் பீக்கோடு போட்டுக் குழப்பாதீர்கள். அங்கே 1 கூடுவது சேர்ந்த புரோட்டானால், அதுதான் பெரிய பீக். இங்கே கூடுவது கருவில் உள்ள ஒரு கூடுதல் நியூட்ரானால், இது மூலக்கூறு பீக்குக்குப் பக்கத்தில் நிற்கும் குட்டி பீக்.

துண்டுகளும் துல்லிய நிறையும்

எலக்ட்ரான் மோதலில் மூலக்கூறு உடையும்போது ஒரு துண்டு மின்சுமையோடு போகும், மற்றது தனி எலக்ட்ரானுடன் மின்சுமையின்றிப் போகும். படத்தில் தெரிவது முதலாவது மட்டும். சமன்பாடு எழுதும்போது மூலக்கூறு அயனிக்கு + குறியும் தனி எலக்ட்ரானுக்கான புள்ளியும், வலப்பக்கத்தில் ஒரு துண்டுக்கு + குறியும் மற்றதற்குப் புள்ளியும் போட வேண்டும். + குறியை மறப்பதுதான் இங்கே அதிகம் மதிப்பெண் போகும் இடம்.

15 மெத்தில், 29 எத்தில் அல்லது ஆல்டிஹைடுத் துண்டு, 43 புரோப்பைல் அல்லது அசிட்டைல், 31 முதல்நிலை ஆல்கஹாலின் துண்டு, 77 ஃபீனைல். இவை போதும். பென்டன்-2-ஓன், பென்டன்-3-ஓன் இரண்டுக்கும் நிறை 86. முதலாவது 43-இல் பெரிய பீக் தரும், 71-இலும் தரும். இரண்டாவது கார்பனைலின் (C=O) இரு பக்கமும் எத்தில் உள்ளதால் 57, 29 என்று உடையும்.

நிறை 60 என்றால் அது புரோப்பனாலா, அசிட்டிக் அமிலமா? முழு எண்ணில் பதில் இல்லை. நான்கு தசமம் அளக்கும் கருவியில் முதலாவது 60.0575, இரண்டாவது 60.0211.

ஒரு முழுக் கேள்வி

எலக்ட்ரான் மோதலில் கிடைத்த படத்தில் முக்கிய பீக்குகள்: 43 (மிக உயரம்), 63-உம் 65-உம் 3 : 1, 78-உம் 80-உம் 3 : 1. பொருள் எது?

வலக்கோடியிலிருந்து தொடங்குங்கள். 78, 80 ஜோடி 3 : 1, எனவே ஒரே ஒரு குளோரின், மூலக்கூறு நிறை 78. அதில் 35 போக மீதி 43, மூன்று கார்பனும் ஏழு ஹைட்ரஜனும் என்றால் பொருந்துகிறது: குளோரோபுரோப்பேன். குளோரின் இருப்பது 1-ஆம் கார்பனிலா 2-ஆம் கார்பனிலா என்று துண்டுகள் சொல்லும். 43-க்கு 45-இல் 3 : 1 ஜோடி இல்லை, ஆகவே அந்தத் துண்டில் குளோரின் இல்லை: குளோரின் உதிர்ந்து மிஞ்சிய புரோப்பைல். 63, 65-க்கு ஜோடி இருக்கிறது, ஆகவே குளோரின் உள்ளேயே இருக்கிறது. 78-இலிருந்து 15 போய் 63, அதாவது ஒரு மெத்தில் கழன்றிருக்கிறது. குளோரின் இருக்கும் கார்பனோடு மெத்தில் நேரடியாகச் சேர்ந்திருந்தால் அது எளிதில் கழலும். 2-குளோரோபுரோப்பேனில் அப்படி இரண்டு மெத்தில் இருக்கின்றன. 1-குளோரோபுரோப்பேனில் அந்தக் கார்பனோடு சேர்ந்திருப்பது எத்தில், அதனால் 63 அங்கே பெரிதாக வராது. விடை 2-குளோரோபுரோப்பேன்.